மூச்சுக்கட்டு

வடியாக்குளத்தில் பிறந்தவருக்குச் சொத்து இருக்கிறதோ இல்லையோ, ஒரு சத்தம் சொந்தமாக உண்டு. காதுகுத்தும் நாளில், ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், தாய்மாமன் பிள்ளையை மடியில் இருத்தி அந்தச் சத்தத்தை அதன் காதுக்குள் சொல்லிவிடுவான். அது ஒரு 'தொம்'மாக இருக்கலாம், இழுத்து விட்ட ஒரு 'ஏஏய்'யாக இருக்கலாம், தொண்டையைச் செருமுவது போல ஒன்றாகக்கூட இருக்கலாம், அதற்கு அர்த்தமும் கிடையாது, அழகும் கிடையாது, தனியாகக் கேட்டால் யாரோ மாட்டை விரட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். அதற்குப் பெயர் பங்கு. கார்த்திகையில் குளம் பெருகி மடை திறக்கிற அன்று காலையில் ஊர் மொத்தமும் கரையில் ஏறி, உபரித் தண்ணீர் வழிகிற மறுகால் முனையிலிருந்து மடை முனை வரைக்கும் ஒரே வரிசையாக, அவரவர் குடும்பத்துக்கு உரிய இடத்தில் நிற்பார்கள். மறுகால் முனையில் நிற்பவர் தன் சத்தத்தைப் போடுவார், அது அடங்குவதற்குள் அடுத்தவர் தன்னுடையதைப் போடுவார், அதற்குள் அதற்கடுத்தவர், இப்படி வாய்க்கு வாய் தாவிப் பாட்டு கரைமேல் நடந்துபோகும். கீழே வயலில் நின்று கேட்டால் பனை உயர ஆள் ஒருவன் பாடிக்கொண்டே நடந்துபோவதாகத் தோன்றும். பாட்டு மடையைத் தொட்டதும் மடைக்காரர் பலகையைத் தூக்குவார், தண்ணீர் வயலுக்குப் போகும்.

எனக்கு அந்தக் கரையில் பங்கு கிடையாது. நான் கீழூர்க்காரன், வடியாக்குளத்துக் கரைமேல் போகிற மினிபஸ்ஸில் கண்டக்டர். வீட்டில் வைத்துப் பேச முடியாததையெல்லாம் ஜனங்கள் பஸ்ஸில் வைத்துப் பேசுவார்கள், கண்டக்டர் என்கிறவனுக்குக் காது இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தப் பாட்டைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் ஊர்ப் பெண்ணை அங்கே கட்டிக்கொடுத்தால், "பாட்டுக் கட்டத் தெரியாத ஊரு" என்று கல்யாணப் பந்தியிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.

பங்கு உள்ளவர் எல்லோரும் எப்போதும் ஊரில் இருந்துவிட மாட்டார்களே, அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒருவர் துபாய்க்கோ திருப்பூருக்கோ போய்விட்டால், அவருக்கு இடப்பக்கம் நிற்பவர் தன் சத்தத்தைப் போட்ட கையோடு அவருடையதையும் சேர்த்துப் போட்டுவிட வேண்டும், அது இரவல். இடப்பக்கம் காலியாக இருந்தால் அதற்கும் அடுத்தவர். ஆனால் ஒருவர் செத்துப்போனால் அவர் சத்தத்தை யாரும் தொடக் கூடாது, அவர் நின்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பாட்டு அங்கே வரும்போது இடப்பக்கத்துக்காரர் வாயை மூடி, ஒரு மூச்சுப் பொழுது அடக்கி நிற்க வேண்டும், அவரோடு சேர்ந்து கரையே அடங்கி நிற்கும், அது மூச்சுக்கட்டு. பிறகு எப்போதாவது அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்து அந்தச் சத்தம் அதன் காதில் ஏறும் வரைக்கும் வருஷா வருஷம் மூச்சுக்கட்டுதான். உயிரோடு இருப்பவருக்கு மூச்சைக் கட்டினால் கொன்றதற்குச் சமம் என்பார்கள். செத்தவருக்கு இரவல் பாடினால் பாடியவர் நாக்கு அழுகும் என்பார்கள். கொலைக்குப் பயப்படாதவர்கள்கூட நாக்கு அழுகுவதற்குப் பயப்படுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆவுடையம்மா அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள், பீடி சுற்றுகிறவள், புருஷனை இழந்தவள். ஒரே மகள் கோமதி. டவுன் காலேஜுக்கு என் பஸ்ஸில்தான் போய்வருவாள். சோடாபாட்டில் அடியைப் போலத் தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், அதைக் கழற்றித் துடைக்கிற நேரத்தில் பக்கத்தில் நிற்பது நானா கம்பியா என்று அவளுக்குத் தெரியாது, கம்பியிடம் டிக்கெட் கேட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறோம். அவளுடைய சத்தம் 'லோய்' என்று ஏறிக் கடைசியில் கொஞ்சம் வழுக்கி இறங்கும். கரையில் அவளுக்கு இடப்பக்கம் நிற்பவர் அவள் பெரியப்பா பால்வண்ணம், ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம், வலப்பக்கம் ஆவுடை.

அந்தக் கோடையில் குளத்தைத் தூர்வார ஜேசிபி வந்தது. அதை ஓட்டிவந்த பையன் பெயர் அருள். அவன் குளத்து மண்ணை அள்ளிக் கரையை உயர்த்திக்கொண்டிருந்த நாட்களில் கோமதி காலேஜ் விட்டுக் கரை ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்து போக ஆரம்பித்தாள், அதை எல்லோரும் பார்த்தார்கள், அவன் என்ன சாதி என்பதையும் விசாரித்து வைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து ஜேசிபி போயிற்று. கொஞ்ச நாளில் கோமதியும் காணோம்.

"ஓம் மக அந்த ஜேசிபிக்காரப் பயலோட திருப்பூருக்கு ஓடிட்டா. தேடிக்கிட்டு அலையாத ஆவுடை, இருக்கிற மானமும் போயிரும்" என்றார் பால்வண்ணம்.

"அத்தான், அவ கண்ணாடி இங்க கெடக்கே" என்றாள் ஆவுடை.

"திருப்பூர்ல கண்ணாடிக்கா பஞ்சம்?"

அந்தக் கண்ணாடியை மடியில் கட்டிக்கொண்டு ஆவுடை டவுனுக்கும் ஊருக்குமாக அலைந்தாள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவளுக்கு அதே பேச்சுதான்: கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியாதே, அவள் எப்படி ஓடியிருப்பாள்? பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். பாட்டுக்கு முந்தின நாள் என்னிடம் சொன்னாள்:

"நாளைக்கு அத்தான்தான் இரவல் பாடணும் தம்பி. அவரு பாடிட்டாருன்னா எம்புள்ள எங்கயோ உசுரோட இருக்கான்னு அர்த்தம். எந்தச் சாதிக்காரன்கூட இருந்தா என்ன, இருந்துட்டுப் போட்டும். செத்தவளுக்கு இரவல் பாட அவருக்கு நாக்கு வராது."

மறுநாள் கரையை மறித்துப் பாட்டு நடந்தது, பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு நாங்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓடிப்போனவள் என்று ஊரே சொன்ன பிறகு இரவல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாட்டு நடந்து வந்தது. பால்வண்ணம் தன் இடத்திலிருந்து அரை முழம் தள்ளி நின்று தன் 'தொம்'மைக் கணீரென்று போட்டார். அடுத்து 'லோய்' வர வேண்டும். அவர் வாயைத் திறந்தார். மூடினார். கை இரண்டையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, முகவாயைத் தாழ்த்தி, தன் தகப்பனுக்குக் கட்டியது போலவும் தம்பிக்குக் கட்டியது போலவும், மூச்சைக் கட்டி நின்றார்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. செத்தவர் இடம் வந்தால் அடங்கிப்போக அந்த உடம்பு சின்ன வயதிலேயே பழகிவிட்டது, பொய் சொல்லக் கற்றுக்கொண்ட வாய்க்கு அந்த உடம்பை ஏமாற்றத் தெரியவில்லை. கரையில் நின்ற அத்தனை பேரும் அதே பழக்கத்தில் மூச்சைக் கட்டினார்கள், கட்டிய பிறகுதான் எதற்குக் கட்டினோம் என்று அவர்களுக்கு உறைத்தது. ஆவுடை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பங்கு வந்தது, அவள் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அடுத்து நின்ற சொர்ணம், தன் கணவன் பால்வண்ணத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் சத்தத்தைப் போட்டாள். பாட்டு மேலே நடந்துபோய் மடையைத் தொட்டது, பலகை தூக்கப்பட்டது, தண்ணீர் பாய்ந்தது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

கட்டிய மூச்சை எல்லோரும் விட்டுவிட்டார்கள், ஆனால் அந்த அடக்கம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை முதல் டிரிப்பில் பஸ் அந்த இடத்தைக் கடந்தபோது பாடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு பட்டென்று நின்றது, இஞ்சின் நின்றது, ஆனால் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, டிரைவர் பதறி ஹாரனை அழுத்தினார், அதுவும் இல்லை, நான் விசிலை ஊதினேன், என் வாயில் காற்று மட்டும் போயிற்று. மூன்று பஸ் நீளம் தாண்டியதும் பாட்டு இரண்டு சொல் தள்ளித் தொடர்ந்தது. டிரைவர், "ஸ்பீக்கர் ஒயரு லூஸு" என்றார். திரும்பி வரும்போதும் லூஸாகவே இருந்தது. அப்புறம் ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள், மணி கட்டிய கிடா அந்த இடத்தில் மணியில்லாமல் நடக்கிறது என்று. ஊர்க்காரர்கள் கை தட்டிக்கொண்டே நடந்து பார்த்து, சத்தம் செத்துப்போகிற இடத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்த கல்லை வைத்து எல்லை கட்டினார்கள். அதற்கு ஊமையிடம் என்று பெயரும் வைத்தார்கள்.

இது ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார்கள், அதற்குப் பதில் கிடைக்க வெகு நாள் ஆகவில்லை. தூங்காத பிள்ளைகளைத் தூக்கிவந்து அங்கே தூளி கட்டினார்கள், பிள்ளை எவ்வளவு கத்தினாலும் தாய்க்குக் கேட்காது, கத்திக் களைத்துத் தூங்கிவிடும். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் பாயை விரித்துப் படித்தார்கள். மாமியார் மருமகள் சண்டை முற்றினால் இருவரையும் கொண்டுவந்து எதிரெதிரே உட்கார வைத்தார்கள், வாயசைத்து வாயசைத்து இருவரும் ஓய்ந்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனதும் உண்டு. காதுக்குள் எந்நேரமும் இரைச்சல் கேட்கிற வியாதிக்காரர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து உட்கார்ந்து, வந்த நோய் போயிற்று என்று அழுதார். அவர் அழுத பிறகு அது சாமியாகிவிட்டது. ஊமையம்மன் என்றார்கள். முதலில் பால்வண்ணத்துக்கு அந்தப் பக்கம் வரவே பிடிக்கவில்லை, ஆனால் கோவில் என்று ஆனதும் தர்மகர்த்தா வேண்டுமே, ஊரில் வேறு யார் இருக்கிறார்கள், அவர் தலையில்தான் பரிவட்டம் கட்டினார்கள். கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அருள் என் பஸ்ஸில் ஏறினான். தனியாக ஏறினான். வடியாக்குளத்துக்கு டிக்கெட் கேட்டவன், கோமதியைப் பார்க்க முடியுமா என்று என்னிடமே கேட்டான். ஊருக்குள் அவனிடம், "அவளப் பம்பாயில கெட்டிக் குடுத்தாச்சு, போயி வேலயப் பாரு" என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவிடம் ஒரு கதை, அவனிடம் ஒரு கதை. நான் அவனை ஆவுடை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவள் அவனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள், அப்புறம் மடியை அவிழ்த்துக் கண்ணாடியை அவன் கையில் வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொன்னாம்மா. நின்னேன். வரல. மனசு மாறிட்டான்னு நெனச்சுட்டேன்" என்றான்.

"மாறல அய்யா" என்றாள் ஆவுடை. அவன் போன பிறகு அவள் கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டாள்.

அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். பையன் தனியாக வந்ததைச் சொன்னாள், பெரியப்பா மூச்சைக் கட்டியதைச் சொன்னாள். "போன பொண்ணு வேற எங்கயாச்சும் போயிருக்கும்" என்றார் அங்கிருந்த அதிகாரி. "மூச்சப் பிடிச்சதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா." அவர் வெளியூர்க்காரர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூச்சைக் கட்டினால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் ஒரு ஊர் நிறைய இருந்தார்கள், அதில் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை.

பிறகு ஊர்க்கூட்டம் கேட்டாள். வீடு வீடாகப் போய்க் கேட்டாள், கேட்பவளிடம் இல்லை என்று சொல்ல ஊருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. பால்வண்ணம்தான் சொன்னார்: "அவளும் நம்ம வீட்டுப் பொம்பளதான. பேசட்டும். அம்மன் சந்நிதியில வச்சே பேசட்டும், அங்க பொய்யி வராது." எல்லோருக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

கூட்டத்துக்காகப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், நான் படியில் நின்று பார்த்தேன். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே ஜமக்காளம் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஆவுடை எழுந்து நின்றாள். வாயைத் திறந்து பேச ஆரம்பித்தாள், ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை, அவளுக்கும் அது தெரியும், தெரிந்துதான் பேசினாள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேசினாள், கையை நீட்டிக் கேட்டாள், கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். அவர்கள் தலையை ஆட்டினார்கள். சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் பேசி முடித்து நின்றதும் எல்லோரும் எழுந்து எல்லையைத் தாண்டி வந்தார்கள். வெளியே வந்ததும் பால்வண்ணம் தொண்டையைச் செருமிச் சொன்னார்:

"ஆவுடை சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லிட்டா. நாமளும் பொறுமையா கேட்டாச்சு. இனி இதப் பத்திப் பேச்சு வேண்டாம்."

சித்திரையில் கோவிலுக்குக் கூரை போடுவதென்று முடிவாயிற்று. கொத்தனார் வந்து தூண் நிறுத்தக் குழி எடுக்கக் கடப்பாரையை ஓங்கினார். பால்வண்ணம் ஓடிப்போய் அந்தக் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். அம்மன் இடத்தில் இரும்பு படக் கூடாது, தோண்டக் கூடாது, கல்லை மேலே அடுக்கி அதில் தகரத்தைப் போடுங்கள் என்று கையாலும் முகத்தாலும் அவர் காட்டியது எல்லோருக்கும் புரிந்தது, என்ன பக்தி என்று பேசிக்கொண்டார்கள். ஆவுடை அன்றைக்கு என் பஸ்ஸில் பீடிக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்காகப் பஸ் மெதுவாகப் போனது. அவர் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜேசிபி கரையை உயர்த்திய புதுமண் எது, அதில் கோமதி காணாமல்போன நாளில் எது ஈரமாகக் கிடந்தது, பாட்டில் அவர் தன் இடத்தில் நிற்காமல் அரை முழம் தள்ளி ஏன் நின்றார், எல்லாம் அவளுக்கு அந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்திருக்க வேண்டும். டவுனில் இறங்கும்போது சில்லறையை மறந்துவிட்டுப் போனாள்.

ஏன் அன்றைக்கே தோண்டவில்லை என்று பின்னால் நிறையப் பேர் கேட்டார்கள். பகலெல்லாம் கோவிலில் கூட்டம், ராத்திரியில் கூரைக்குக் காவல், அவள் கிட்டேயே போக முடியவில்லை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயில் நாளில் குளம் வறண்டு கிடக்கும். குளத்து ஊரில் பிறந்தவளுக்கு நிறைந்த குளத்தின் கரையை வெட்டினால் என்ன நடக்கும் என்று தெரியும். அவள் குளம் நிறையட்டும் என்று காத்திருந்தாள்.

ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. கார்த்திகையில் குளம் விளிம்பு தட்டி நின்றது. பாட்டுக்கு முந்தின நாள் ஊரே சமையலில் இருந்தது, கோவிலில் உச்சிப்பூசை முடித்து நடையைச் சாத்திவிட்டுப் பூசாரி சாப்பிடப் போனார். ஆவுடை மண்வெட்டியோடு சுண்ணாம்புக் கல்லைத் தாண்டி உள்ளே போனாள். அவள் வெட்டியது யாருக்கும் கேட்கவில்லை. அவள் பேச்சை மறைக்க அவர்கள் தேடிக் கொடுத்த இடம் அவள் மண்வெட்டியையும் மறைத்தது. புதுமண் இளகி வந்தது, இடுப்பளவு பள்ளத்தில் கோமதியின் சுடிதார் துப்பட்டா முதலில் வந்தது, அப்புறம் அவள் வந்தாள். நாங்கள் பஸ்ஸில் வளைவு திரும்பியபோது ஆவுடை பள்ளத்துக்குள் முழங்காலில் இருந்தாள், மண்ணில் தெரிந்த ஏதோ ஒன்றுக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள், குளத்துப் பக்கச் சுவரில் தண்ணீர் விரல் மொத்தத்தில் கசிந்துகொண்டிருந்தது. டிரைவரும் நானும் ஓடிப்போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்தோம். வர மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இழுத்துப் போட்டதும் கரை வாய் பிளந்தது. தன் பிள்ளையை வெறுங்கையால் பிடிக்கப் பாய்ந்தவளை நாங்கள் இருவரும் மண்ணோடு அமுக்கிப் பிடித்திருந்தோம், வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

கல்லும் தகரமும் பரிவட்டம் வைத்திருந்த பெட்டியும் தண்ணீரோடு போயின. ஊர் மொத்தமும் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து உடைப்பின் இரண்டு பக்கமும் வரிசை கட்டி, கைக்குக் கை மூட்டை மாற்றியது. அப்போதுதான் ஊமையிடம் உடைந்தது. வருஷம் முழுக்க அது விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. முதலில் எங்கள் பஸ் ஹாரன், அன்றைக்கு நான் ஊதிய விசில், சினிமாப் பாட்டில் விட்டுப்போன சொற்கள், கிடா மணி, தூளிப் பிள்ளைகள் கத்திய கத்தல், மாமியார் மருமகள் வசவு, காது வியாதிக்காரர் அழுத அழுகை. அப்புறம் எல்லாம் அடங்கி, ஊர்க்கூட்டத்தில் ஆவுடை பேசியது வந்தது. பெரிய சத்தமாக இல்லை, அவள் பேசிய குரலிலேயே, வயல் முழுக்கக் கேட்டது.

"அத்தான், நீங்க மூச்சக் கட்டினத நான் பாத்தேன். ஊரும் பாத்துச்சு. ஏன் கொன்னீங்கன்னு நான் கேக்கல, அது எல்லாருக்கும் தெரியும். எங்க வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவளுக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது. இருட்டுல கெடந்து தடவிக்கிட்டு இருப்பா. நான் போயி கண்ணாடியப் போட்டுவிட்டுட்டு வந்துருதேன். கேஸு வேண்டாம், கோர்ட்டு வேண்டாம், ஒரு வார்த்த வெளிய சொல்ல மாட்டேன். சொர்ணம், ஒனக்குத் தெரிஞ்சாச் சொல்லு. நீயும் ரெண்டு பொட்டப்புள்ள வச்சிருக்க. மடைக்கார அண்ணாச்சி, அன்னைக்கு ராத்திரி கரையில காவல் இருந்தது நீங்கதான, நீங்க சொல்லுங்க. ஒருத்தராவது சொல்லுங்க."

ஒவ்வொருவர் பெயராக வந்தது. காதைப் பொத்திக்கொள்ள ஒருவராலும் முடியவில்லை, எல்லோர் கையிலும் மணல் மூட்டை. சொர்ணம் அழுதுகொண்டே மூட்டையை வாங்கிப் பக்கத்தில் கொடுத்தாள். பால்வண்ணம் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார், கொடுத்தார். எல்லாச் சத்தமும் வந்து முடிந்தது. 'லோய்' மட்டும் வரவில்லை. கோமதியின் வாயை அடைத்தபோது அந்த ஊமையிடம் இன்னும் பிறந்திருக்கவில்லை.

எலும்பு கொஞ்சம் வயலில் கிடைத்தது. எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அரசாங்கக் கரையை வெட்டிச் சேதப்படுத்தியதற்காக ஆவுடையின் மேல் முதலில் போட்டார்கள், அதற்குச் சாட்சி சொல்ல ஊரே வந்தது. பால்வண்ணத்தின் மேலும் போட்டார்கள், அதற்குச் சாட்சியாக இருந்ததெல்லாம் சத்தம், சத்தத்தைக் கோர்ட்டில் கொண்டுபோய் வைக்க முடியாது. இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது. ஊருக்குள் வரக் கூடாது என்ற அவருடைய நிபந்தனையைப் பாட்டை முன்னிட்டுத் தளர்த்தினார்கள். அவளுடைய நிபந்தனை, அவள் குளத்துக் கரையில் கால் வைக்கக் கூடாது என்பது.

உடைந்த வருஷம் தண்ணீர் இல்லை, பாட்டும் இல்லை. அடுத்த வருஷம் கரையைக் கட்டிக் குளம் நிரம்பியது. பாட்டன்று பஸ்ஸை ஓரம் கட்டினோம். ஜாமீன் கையெழுத்துப் போட டவுனுக்குப் போகிற ஆவுடை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், கரையில் கால் வைக்கக் கூடாது என்பதால் இறங்கவில்லை. எலும்பு கிடைத்துவிட்ட படியால் கோமதிக்கு முறைப்படி மூச்சுக்கட்டு என்று ஊர் தீர்மானித்திருந்தது. ஆவுடை உயிரோடு இருக்கிற படியால் அவளுக்கு இரவல். இடப்பக்கம் கோமதியின் இடம் காலியாக இருக்கிற படியால் அதற்கும் அடுத்தவர் பாட வேண்டும்.

பாட்டு நடந்து வந்தது. பால்வண்ணம் 'தொம்' என்றார். முகவாயைத் தாழ்த்தி மூச்சைக் கட்டினார், கரை அடங்கியது, ஒரு மூச்சுப் பொழுது, அவ்வளவுதான், அது தங்கவில்லை, விட்டுப்போயிற்று. பிறகு அவர் தலையை நிமிர்த்தி ஆவுடையின் சத்தத்தைப் போட்டார். பிசிறில்லாமல், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, அவளே பாடியிருந்தால் எப்படிப் பாடியிருப்பாளோ அப்படியே பாடினார். உயிரோடு இருக்கிறவளுக்கு இரவல் பாட அவர் நாக்குக்கு என்ன பயம். சொர்ணம் வாங்கிக்கொண்டாள், பாட்டு மடையை நோக்கிப் போயிற்று.

ஆவுடை கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

"நல்லாத்தான் பாடுதாரு" என்றாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, டவுனுக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.